உயிர் பிழைத்தாயிற்று... மேடு ஏற முடியுமா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை உயிரோடு கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதே நீலகிரியில் காலங்காலமாகப் பெரும் போராட்டம். ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர். பர்லியாறு வழியாக இறங்கினாலும் கோத்தகிரி வழியாக இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் மண்சரிவு, சீசன் நேரத்தில் நகராத வாகன வரிசை. இந்தப் போராட்டத்தில் தமிழகம் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டரும் சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய ஆய்வு 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சிறிய மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கூட்டு ஏற்பாட்டை அது சோதித்தது. ஏற்பாடு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்த பின் 14.2 சதவீதம். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் என முதல் வேளைக்கான 14 மாத்திரைகளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பெருமைப்பட வேண்டிய வேலை இது. ஆனால் பிழைத்து மேலே திரும்பியவருக்கு அடுத்து என்ன? டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: கடினமான வேலை செய்யக் கூடாது. குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், ரோட்டிலிருந்து நூறு படி இறங்கினால்தான் லைன் வீடு என்று இருப்பவருக்கு அந்த வரியால் என்ன பயன்? அவருக்குத் தண்ணீர் எடுப்பதே மேடு, ரேஷன் கடையே மேடு, பஸ் பிடிப்பதே மேடு. கொழுந்து பறித்து மூட்டையைத் தலையில் ஏற்றி எடை போடும் இடம் வரை போவது அதற்கும் மேலே. எந்த மேடு கூடும், எந்த மேடு கூடாது என்று அந்தச் சீட்டு சொல்லாது. என் வாதம் இதுதான்: மாரடைப்பில் இதயம் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று எக்கோவிலும் டிரெட்மில்லிலும் அளந்து, அந்த அளவை அவர் அன்றாடம் ஏறி இறங்கும் சரிவோடு ஒட்டிச் சொல்லும்வரை சிகிச்சை முடியவில்லை. அந்த அளவீடு நீலகிரி மக்களுக்கு மலையிலேயே கிடைக்க வேண்டும்.

சேதம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ரத்தக்குழாய் அடைத்த சுமார் 20 நிமிடத்தில் இதயத்தசை சாகத் தொடங்குகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. சுவரின் உள்பக்கம் முதலில் போகும். பிறகு மணிக்கணக்கில் சேதம் வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். இதை 1977-லேயே ரெய்மரும் ஜென்னிங்ஸும் ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரே ரத்தக்குழாய் அடைத்த இருவரில், ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டவருக்கு உள்பக்கம் மெல்லிய தழும்பும், எட்டு மணி நேரம் கழித்து வந்தவருக்குச் சுவர் முழுக்கத் தழும்பும் இருக்கலாம். இருவர் சீட்டிலும் எழுதியிருப்பது ஒரே நோய், ஒரே ஸ்டென்ட், ஏறக்குறைய ஒரே மாத்திரைகள். மேடு ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. அடைப்பு நீங்கிய பிறகும் உயிரோடிருக்கும் தசை சில நாள், சில வாரம் வேலை செய்யாமல் அயர்ந்து கிடக்கும். பிரான்வால்டும் க்ளோனரும் 1982-ல் விவரித்த நிலை இது. ரத்தம் போதாமல் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து, ரத்தம் வந்ததும் மீண்டும் துடிக்கும் தசையும் உண்டு. அதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன ரஹிம்துலா மும்பையில் பிறந்தவர். செத்த தசையும் அயர்ந்த தசையும் முதல் வாரத்து எக்கோவில் ஒரே மாதிரிதான் தெரியும்.

எக்கோ என்பது என்ன? ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-ல் கேளா ஒலியை இதயத்தின் மீது செலுத்திப் பார்த்ததிலிருந்து வளர்ந்த கருவி. நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார். விலா எலும்புகளின் இடுக்கில் ஜெல் தடவிய கருவியை வைத்து அழுத்தினால் திரையில் இதயம் துடிப்பது தெரிகிறது. பார்க்கத் தெரிந்தவர் இடது கீழறையின் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது நன்றாகச் சுருங்குகிறது, இது அரைகுறை, இது அசையவே இல்லை, இது எதிர்ப்பக்கம் பிதுங்குகிறது என்று குறித்துக்கொண்டே போவார். வால்வு கசிகிறதா, செயலிழந்த முனையில் ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். இவ்வளவும் பார்த்த பின் நோயாளியின் காதில் விழுவது ஒரே எண்: "பம்பிங் 35 தான் இருக்கு." ஒவ்வொரு துடிப்பிலும் அறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. நலமான இதயத்தில் 55-க்கு மேல் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டுக் குடும்பமே இடிந்து உட்காருவதும், 55 என்று கேட்டு மாத்திரையை விட்டுவிடுவதும் அன்றாடம் நடக்கின்றன. இரண்டுமே தவறு. முதல் வாரத்து எண்ணில் அயர்ந்த தசையும் சேர்ந்திருப்பதால் அதை முடிவாகக் கொள்ள முடியாது. ஆறு வாரத்துக்குப் பிறகு எடுக்கும் இரண்டாவது எக்கோவே தீர்ப்பு. 35-க்குக் கீழே போனவருக்குத் திடீர் மரணத்தைத் தடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தலாமா என்பதையே மாரடைப்பிலிருந்து 40 நாளாவது கழித்து முடிவு செய்யச் சொல்கின்றன உலக வழிகாட்டு நெறிகள். அவசரப்பட்டு முன்பே பொருத்தியதால் மொத்த இறப்பு குறையவில்லை என்று 2004-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் மலையில் இருப்பவருக்கு அந்த இரண்டாவது எக்கோ என்றால் ஒரு நாள் கூலி, இரண்டு பேருக்குப் பஸ் செலவு, வளைவுகளில் வாந்தி. தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடாமல் என்ன செய்வார்கள்?

அந்த எண்ணால் சிகிச்சையே மாறுகிறது என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். பம்பிங் 40 அல்லது அதற்குக் குறைவாக இருந்த 2,231 பேருக்குக் கேப்டோபிரில் கொடுத்துப் பார்த்த 1992-ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பு 19 சதவீதம் குறைந்தது. தழும்புள்ள இதயம் மெல்ல ஊதிப் பெரிதாவதை இந்த வகை மருந்து தடுக்கிறது. மறுபக்கம், பம்பிங் 50-க்கு மேல் இருப்பவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையால் பெரிய லாபம் இல்லை என்று 2024-ல் 5,020 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. விவாதம் இன்னும் முடியவில்லை; யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நாடித்துடிப்பைக் கட்டிப்போடும் மாத்திரை மேடு ஏறுபவரின் காலையும் சேர்த்தே கட்டிப்போடலாம். யாருக்கு அது கட்டாயம், யாருக்கு இல்லை என்று மருத்துவர் யோசிப்பதற்கே அந்த எண் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் எக்கோ சொல்லாத ஒன்று இருக்கிறது. படுத்திருக்கும் மனிதனின் இதயத்தைத்தான் அது பார்க்கிறது. பம்பிங் 40 உள்ள ஒருவர் அலுங்காமல் மேடு ஏறுவார். 50 உள்ள இன்னொருவர் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கால் தசை, நுரையீரல், ரத்தத்தில் ஹீமோகுளோபின், அடைப்பு மிச்சமிருக்கும் வேறொரு குழாய் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் தெம்பு. அதை அளக்க ஆளை நடக்க வைத்தாக வேண்டும். ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த டிரெட்மில் முறையே இன்றும் நம் ஊர் டி.எம்.டி. அறைகளில் நடக்கிறது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நீலகிரி மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் பற்றி ஏறும் மிகச் செங்குத்தான இடத்தின் ஏற்றமே 8.33 சதவீதம்தான். டி.எம்.டி. தொடங்குவதே அதைவிடச் செங்குத்தான சரிவில். அதனால்தான் புதிதாக மாரடைப்பு வந்து தேறியவருக்குச் சமதரையில் தொடங்கும் மென்மையான முறையைக் கையாள்கிறார்கள். நெஞ்சில் ஒட்டிய மின்முனைகள் இ.சி.ஜி.யை ஓடவிடும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வலி, தலைசுற்றல், அழுத்தம் இறங்குதல் என எது தெரிந்தாலும் நிறுத்திவிடுவார்கள்.

எவ்வளவு தூரம் போனார் என்பதை 'மெட்' என்ற அலகில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்க உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஒரு மெட். புரூஸ் முறையின் முதல் கட்டம் சுமார் 5 மெட், இரண்டாவது 7, மூன்றாவது 10. மாரடைப்பு வந்த சில நாளில் மருத்துவமனையிலேயே செய்யும் மிதமான சோதனையை 5 மெட்டோடு நிறுத்துவது வழக்கம். அதில் தேறியவருக்கு "டி.எம்.டி. நார்மல்" என்று சீட்டு வரும். இங்கேதான் மலைக்காரர் ஏமாறுகிறார். உடலுழைப்புகளை அளந்து தொகுத்திருக்கும் பட்டியலில், சுமையில்லாமல் மலை ஏறுவதற்கே 6.3 மெட். பத்து முதல் பத்தொன்பது கிலோ சுமையோடு 8.3. அதற்கும் மேல் சுமந்தால் 9. பச்சை இலை நிரம்பிய மூட்டை 20 கிலோ இருந்தால், அதைச் சுமந்து மேலேறும் பெண் புரூஸ் முறையின் மூன்றாம் கட்டத்துக்கு அருகில் நிற்கிறார். அவருடைய இதயத்தை முதல் கட்டம் வரைக்கும்தான் பரிசோதித்திருக்கிறோம். கோவையில் மாடி வீட்டில் இருக்கும் கணக்கருக்கு 5 மெட் போதும். கோத்தகிரி எஸ்டேட் தொழிலாளிக்கு அது பாதி வழி. ஒரே "நார்மல்" இருவருக்கும் ஒரே செய்தியைச் சொல்லாது.

இந்த அளவுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் 1979-ல் மான்ட்ரியலில் தெரூவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பும் முன்பு 210 பேரை மிதமாக நடக்க வைத்தார்கள். இ.சி.ஜி.யில் மாற்றம் தெரியாதவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 2.1 சதவீதம், மாற்றம் தெரிந்தவர்களில் 27 சதவீதம். ஸ்டென்ட் இல்லாத காலம் அது. இன்று இரண்டு எண்களுமே இறங்கியிருக்கும். ஆனாலும் உழைக்க வைத்துப் பார்த்தால் ஓய்வில் தெரியாத அபாயம் வெளிப்படும் என்ற உண்மை மாறவில்லை. 2002-ல் 6,213 ஆண்களின் டிரெட்மில் கணக்கை மையர்ஸ் குழு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு மெட் கூடுதலுக்கும் உயிர் வாழும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியது.

உயரம் என்ற இன்னொரு கணக்கும் நீலகிரிக்கு உண்டு. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850, கோவை 411. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். 1,500 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச உழைப்புத் திறன் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு உடல் பழகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாரடைப்பு வந்து கோவையில் வாரக்கணக்கில் கிடந்து, அங்கேயே டி.எம்.டி. செய்துகொண்டு மேலே வருபவரின் பழக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். மூத்த வயதினரை 2,500 மீட்டர் உயரத்தில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதலில் குறைந்த உழைப்பிலேயே இதயத்தில் ரத்தக்குறைவு தெரிந்தது. ஐந்து நாள் தங்கிய பிறகு நிலைமை பெரும்பாலும் சீரானது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும்: திரும்பி வந்த முதல் வாரம் மேடு வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறி, நெஞ்சுவலி சீக்கிரம் வரும். குளிரூட்டிய அறையில் செய்த சோதனை அந்த அதிகாலையைக் காட்டாது.

எதிர்க்கருத்துகள் பலமானவை, தட்டிக்கழிக்கக் கூடாதவை. ஸ்டென்ட் போட்டவர் எல்லோருக்கும் வழக்கமாகச் சோதனை செய்வதால் லாபமில்லை என்று மருத்துவர்களே சொல்வார்கள். சரிதான். தென் கொரியாவில் ஸ்டென்ட் வைத்த 1,706 பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டில் கட்டாயச் சோதனை செய்து பார்த்தார்கள். இறப்போ மாரடைப்போ குறையவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. தொந்தரவு இல்லாதவரிடம் அடைப்பு தேடிப் போவது வீண் செலவு, தேவையில்லாத ஆஞ்சியோவுக்கும் வழி. நான் கேட்பது அதையல்ல. வேலைக்குத் திரும்பும் முன் ஒருமுறை தெம்பை அளக்கச் சொல்கிறேன். அடைப்பு எங்கே என்பது கேள்வியல்ல, எத்தனை மெட் என்பதே கேள்வி. டி.எம்.டி.யின் இ.சி.ஜி. பெண்களிடம் அடிக்கடி தவறான எச்சரிக்கை தருகிறது என்பதும் உண்மை. தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இது முக்கியமான குறை. அதனால்தான் கோடுகளை மட்டும் நம்பாமல், நடந்து முடித்த கையோடு எக்கோ பார்ப்பதும், மூட்டுவலியால் நடக்க முடியாதவருக்கு டோபுடமின் மருந்து கொடுத்து இதயத்தை வேகப்படுத்தி எக்கோ பார்ப்பதும் உண்டு. நடந்த நேரமும் மெட் கணக்கும் ஆண், பெண் இருவருக்கும் பயன்படும். ஆபத்து? ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் 10,000 சோதனைக்கு ஓர் இறப்பு என்பது பழைய பெரிய கணக்கெடுப்பு. கண்காணிப்பில்லாமல் மூட்டையோடு தனியாக மேடு ஏறுவதில் இருக்கும் ஆபத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை.

விலை உயர்ந்த ஸ்கேன்களைப் பற்றி என் கருத்து வேறு. கடோலினியம் செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ.யில் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் தழும்பு இருந்தால் அந்தப் பகுதி மீளும் வாய்ப்பு குறைவு என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து தெரியும். அற்புதமான கருவி. ஆனால் பம்பிங் மிகக் குறைந்த 700 பேரைக் கொண்ட 2022-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், உயிருள்ள தசை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஸ்டென்ட் வைத்தும் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. தழும்பின் அளவு யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைச் சொன்னது. உயிருள்ள தசையின் அளவு யாருக்கு ஸ்டென்ட் உதவும் என்பதைச் சொல்லவில்லை. முழுதும் அடைத்த குழாயை நாட்கள் கழித்துத் திறப்பதாலும் பயனில்லை என்று 2006-லேயே 2,166 பேரிடம் கண்டார்கள். தாமதமாக இறங்கி வரும் மலை மக்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆகவே எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்று கேட்பது பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவது. எக்கோ தெளிவில்லாதவருக்கும் முடிவெடுக்கத் திணறும் இடத்துக்கும் மட்டும் கோவைக்கு அனுப்பினால் போதும்.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் எதிர்ப்பு மருத்துவ உலகிலிருந்து வருவதல்ல. "அளந்து எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டியே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்" என்ற தொழிலாளியின் பயம் நியாயமானது. தினக்கூலியை நம்பிய வீட்டில் "5 மெட்" என்ற சீட்டு அடுப்பை அணைக்கலாம். ஆனால் அளக்காமல் விட்டால் என்ன நடக்கிறது? ஒருவர் நோயை மறைத்துப் பழைய சுமையைத் தூக்குகிறார். இன்னொருவர், தெம்பு இருந்தும், பயத்தில் வீட்டிலேயே முடங்கி மிச்சமிருக்கும் தசையையும் இழக்கிறார். அளவு கையில் இருந்தால், சமதரையில் நாற்றங்கால் வேலை, இலை தரம் பிரிப்பது, பறிக்கலாம் ஆனால் மூட்டை தூக்கக் கூடாது என்று குறிப்பாகக் கேட்க முடியும். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் முதலாளிகள் மீது மருத்துவ வசதிப் பொறுப்பைச் சுமத்தியது. அந்தப் பொறுப்பு மாரடைப்புக்குப் பிந்தைய இலகுவான வேலையையும் உள்ளடக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய நேரம் இது. தேயிலைத் தோட்டங்களை நடத்தும் டான்டீ அரசு நிறுவனம்தான், அங்கிருந்தே தொடங்கலாம். சொந்தமாக அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிக்கு இலகுவான வேலை தர முதலாளியே கிடையாது. அவருக்கு அந்த அளவு இன்னும் அவசியம்.

செய்ய முடியுமா? முடியும். 2025 ஏப்ரலில் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. ஆறு வாரத்து எக்கோவும் வேலைக்குத் திரும்பும் முன் ஒரு டி.எம்.டி.யும் அங்கே நாள் குறித்துச் செய்யப்பட வேண்டும். கோவையில் ஸ்டென்ட் வைத்தவரும் அதற்கு இங்கேயே வர வேண்டும். குன்னூர் லாலி மருத்துவமனையிலும் கூடலூரிலும் வாரம் ஒரு நாள் எக்கோ நாள் வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் கருவியே வேண்டாம். 30 மீட்டர் சமதரை, ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி இருந்தால் ஆறு நிமிட நடைச் சோதனை செய்யலாம். எத்தனை மீட்டர் நடந்தார், எங்கே நின்றார் என்று மாதம் ஒருமுறை எழுதிவைத்தால் தேறுகிறாரா சரிகிறாரா என்பது தெரிந்துவிடும். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் அந்தத் தாளைப் பார்த்து, வராதவரை நினைவூட்டலாம். அளந்த பிறகு தெம்பை வளர்க்கவும் வழி உண்டு. இந்தியாவில் 24 மையங்களில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்தார்கள். இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்கு மேலும் நன்றாகத் திரும்பினார்கள் என்று 2020-ல் முடிவு வெளியானது. மலையில் வாழ்பவருக்கு அது சின்ன லாபமல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்து தேறியிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு எடுத்த எக்கோவில் பம்பிங் எவ்வளவு? டிரெட்மில்லில் எத்தனை மெட் வரை தொந்தரவில்லாமல் போனார்? வீட்டுக்கு ஏறும் படியும் தோட்டத்தின் சரிவும் தூக்கும் சுமையும் இவை என்று சொல்லிவிட்டு, இவற்றில் எது கூடும், எது கூடாது? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.